சென்னையில் எரிந்த சிவப்புப் புள்ளி

மதினியின் கைப்பேசியில் இந்திய வரைபடம் உள்ளங்கையளவுதான் தெரியும். அதில் சென்னை இருக்கும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு எரியும். சோறு வடிக்கிற அவசரத்திலும் அதை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார். "வந்துட்டான் பாருப்பா" என்பார் என்னிடம்.

அவர் சொன்னது தன் தம்பியை. அப்பா கைநீட்டி அடித்த கோபத்தில் கொடைரோட்டில் சென்னை ரயில் ஏறியவன், அப்புறம் ஒரு போன்கூடச் செய்யவில்லை. என்றைக்காவது தேடிப் படிப்பான் என்றுதான் மதினி வலைப்பூ எழுத ஆரம்பித்தார். சேவுகம்பட்டிப் பிறந்த வீட்டில் அம்மா சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம், வாய்க்காலில் போன ஒற்றைச் செருப்பு என்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே புரிகிற சங்கதிகள். அண்ணனுக்கு இதெல்லாம் வெட்டி வேலை. திண்டுக்கல்லில் பிளக்ஸ் போர்டு கடை வைத்திருந்த எனக்குக் கணினி தெரியும் என்பதால், பிளகின் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. பிளகின் என்பது யாரோ எழுதி வைத்த சின்ன மென்பொருள். நம் பக்கத்தில் சேர்த்தால் ஒரு புது வசதி வரும். பெயர் சொல்லாமல் பதில் எழுத ஒன்று போட்டேன், மதினியின் குரலில் பதிவைக் கேட்க ஒன்று. கடைசியாக, யார் எந்த ஊரிலிருந்து பார்க்கிறார்கள் என்று காட்டும் இந்த வரைபடம். எங்கள் ஊரில் புள்ளி விழவே இல்லை. எழுதுகிறவர் பார்ப்பதைக் காட்டாது போல என்று நினைத்துக்கொண்டோம்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், நாள் குறைந்துகொண்டே வரும் கடிகாரம் ஒன்று கேட்டார். "தாய்மாமன் மாலை போடாம எம்புள்ளைய எப்பிடி மணையில ஒக்கார வைக்கிறது? தேதி அவென் கண்ணுல படணும்." பக்கத்தின் உச்சியிலேயே வைத்தேன். புள்ளி தினமும் எரிந்தது. அதை நம்பி மதினி தம்பிக்குப் பட்டு வேட்டி எடுத்தார். முகூர்த்தம் நெருங்கியும் மண்டப வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஒன்றுவிட்ட தம்பி ஒருவரைக் கூப்பிட்டு மாலை போடச் சொன்னார்கள்.

மறுநாள் காலை, சென்னையில் புள்ளி எரிந்தது. மதினி அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். "பாத்துக்கிட்டேதான் இருந்துருக்கான். பாத்துட்டு வரலையே." அதோடு எழுதுவதையும் விட்டார், பக்கத்தைத் திறப்பதையும் விட்டார்.

சில மாதம் கழித்துக் கடையில் சும்மா இருந்த ஒரு மத்தியானம், என் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அதுவரை கடைக் கணினியில், பக்கத்தை நிர்வகிக்கும் கணக்கு வழியாக மட்டுமே திறந்திருக்கிறேன்; அந்தக் கணக்கை வரைபடம் கண்டுகொள்ளாது. சென்னையில் புள்ளி எரிந்தது. மூடிவிட்டுத் திறந்தேன்; மறுபடியும் அங்கேயேதான். எங்கள் ஊர்க் கைப்பேசி இணையம் சென்னை வழியாகப் போகிறது. வரைபடத்துக்கு நாங்களும் சென்னைதான். இத்தனை நாளும் மதினி தன்னையேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பார்த்துவிட்டு வராமல் இருந்தான் என்ற வேதனையாவது தீரட்டும் என்று அன்றே போய்ச் சொன்னேன். "மதினி, அது அவன் இல்ல. நீங்க தொறக்குறதுதான் அங்க எரியுது."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "நானு எப்பிடிப்பா மெட்ராசுல இருப்பேன்? இங்கனதான இருக்கேன்."

விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"அப்ப அவென் ஒருநாக்கூட எட்டிப் பாக்கலங்குற."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

வேறெந்த ஊரிலாவது புள்ளி விழுந்திருக்கிறதா என்று இப்போதும் எப்போதாவது திறந்து பார்க்கிறேன். கடிகாரம் பூஜ்யத்தில் நிற்கிறது. வரைபடத்தில் எரிவது சென்னைப் புள்ளி ஒன்றுதான். அது நான்தான்.