அம்மா கிழிக்க வேண்டிய ஓரம்

கோயிம்ப்ரா பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள் தோளில் போட்டுத் திரிகிற கறுப்புப் போர்வையைத் துவைக்கவே மாட்டார்கள். அதன் ஓரம் கந்தலாகத்தான் தொங்கும். அந்தக் கந்தலிலும் ஓர் ஒழுங்கு உண்டு. இடது ஓரத்தைப் பெற்றவர்கள் கிழிக்க வேண்டும், வலது ஓரத்தை நண்பர்கள், முதுகுக்கு நேரே காதலிக்கிறவர். கத்தரிக்கோல் ஆகாது. பல்லால் கடித்துக் கையால் கிழிப்பது, அதுவும் ஒரு விரல் நீளம்.

நில்டாவின் போர்வையில் வலது ஓரம் நார்நாராகப் போயிருந்தது. இடது ஓரம் மட்டும் வாங்கின அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. மருந்தியல் படிக்க மிந்தேலு என்கிற தீவுத் துறைமுகத்திலிருந்து கடல் தாண்டி வந்து ஐந்து வருஷம். அங்கே மீன் சந்தையில் சூரை வெட்டுகிற அம்மா பிபீனா வந்து கிழிக்கட்டும் என்று அதை யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தாள்.

மே மாதம் படிப்பு முடிக்கிறவர்களின் ஊர்வலம். பிபீனா விசா கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள். திரும்பி வருவாள் என்பதற்கு ஆதாரம் போதாது என்று இரண்டு தடவையும் இல்லை என்றார்கள். முப்பது வருஷமாக ஒரே பலகையில் மீன் வெட்டுகிறவள் அதை விட்டுவிட்டு எங்கே போய்விடுவாள்? விசா அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் அதைச் சொல்லும்போது தலையைக்கூட நிமிர்த்தவில்லையாம்.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் மத்தியானம். அதே வீட்டில் குடியிருந்த லொரென்ஸு, நல்ல பையன்தான், புத்தி மட்டும் கொஞ்சம் தாமதித்து வரும், நாற்காலியில் கிடந்த போர்வையை எடுத்தான். இடது ஓரத்தைக் கடித்து ஒரு விரல் நீளம் கிழித்தும்விட்டான்.

"டேய், என்னடா பண்ண?"

"சும்மாதானே கெடந்துச்சு. உங்கம்மாதான் வரலையே. நானும் உனக்கு அண்ணன் மாதிரிதான?"

"வரலையா? விடலடா. ரெண்டும் ஒண்ணா?"

"ஒரு துணிக்கு இவ்ளோ கோவமா?"

"உங்கம்மா வீசேவுல பஸ் ஏறினாங்க, ஒன்றரை மணி நேரத்துல வந்து எறங்கிட்டாங்க. திரும்பிப் போவியான்னு எவனாவது கேட்டானா?"

ஊர்வலம் பார்க்க வந்து, அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டிருந்த லொரென்ஸுவின் அம்மா கிராசா தீயை அணைத்தாள். "வாய மூடிட்டு உக்காந்து தைடா," என்றாள் மகனிடம்.

காதல் முறிந்தால் நடுக் கிழிசலைத் தைத்துவிடுவது அங்கே வழக்கம். முறிய இங்கே காதல் ஏது? ஆனாலும் நில்டா தன் படிப்புக்குரிய ஊதா நிறத்தில் நூலெடுத்து அவன் மடியில் எறிந்தாள். அவன் தைத்தான். அவள் பக்கத்திலேயே நின்றாள்.

"பிரி. மறுபடி தை."

"விரல்ல குத்துது நில்டா."

"குத்தட்டும்."

மூன்றாம் தடவை தைத்ததைத்தான் ஒத்துக்கொண்டாள். மறுநாள் ஊர்வலத்தில், இடது ஓரம் ஏன் தைத்து மூடிக் கிடக்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "எங்கம்மாவ விடல." பாடம் சொன்ன பேராசிரியர் கேட்டபோதும் குரலைத் தணிக்கவில்லை. எதற்குத் தணிக்க வேண்டும்?

ஆகஸ்டில் மிந்தேலுவுக்குப் போய் இறங்கினாள். வீட்டுக்குப் போகவில்லை, நேரே சந்தைக்குப் போய் மீன் பலகைக்கு முன்னால் போர்வையை விரித்தாள். பிபீனா கையைத் துடைத்துக்கொண்டு கந்தலைப் பார்த்தாள்.

"பாவி, நல்ல துணிய நாசம் பண்ணிட்டு என்னையும் கிழிக்கச் சொல்றியா? மாட்டேன்."

"ஒரு விரல் நீளம் போதும்மா."

"மாட்டேன்னா மாட்டேன்."

"சரி, கண்ணாடிக்குப் பின்னால இருந்தானே, அவன் மூஞ்சிய நெனச்சுக்கோ."

பிபீனா போர்வையைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு ஊதாத் தையலுக்குப் பக்கத்தில் ஓரத்தைக் கடித்தாள். சூரையைப் பிளக்கிற கைகள் இரண்டு பக்கமும் இழுத்தன. கிழிசல் விரலோடு நிற்கவில்லை. முழங்கால் வரும் இடத்தைத் தாண்டி, இடுப்பு வரும் இடத்தைத் தாண்டிக் கழுத்துப்பட்டி வரை போனது. பக்கத்துப் பலகைக்காரிகள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"போதும்மா, போதும்," என்றாள் நில்டா.

"எனக்குப் போதல. அவன் ரெண்டு தடவ இல்லன்னானே," என்று பிபீனா மறுபடியும் ஓரத்தைப் பல்லுக்குக் கொண்டுபோனாள்.