முழுப்பக்க வாழ்த்து

கனடாவுக்கு வரும் வழியில் என் தம்பி அமெரிக்காவில் பிடிபட்டான். எட்டு மாதமாகத் தடுப்புமுகாமில் இருந்தான். அவனைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று முகாம் இருந்த மாநிலத்துச் செனற்றர் அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். இரண்டாவது கடிதமும் தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் அவருக்குத் தேர்தல் வந்துவிட்டது.

பழமைவாதிகள் நிறைந்த மாநிலம் அது. எதிர்த்து நின்றவர் வெளிநாட்டவரை விரட்டுவதாகச் சொல்லியே வாக்குக் கேட்டார். ரொறன்ரோவில், மல்வேர்னில் இருந்த எனக்கு அங்கே வாக்கில்லை, இங்கேயும் இல்லை. ஆனாலும் அந்தத் தேர்தலை நினைத்து என்னைவிடப் பதறியவர் யாராவது இருந்தால், அது செனற்றரின் மனைவியாகத்தான் இருக்கும்.

சும்மா இருக்க எனக்குத் தெரியாது. எங்கள் ஆட்களுக்குப் பிறந்தநாளோ சாவீடோ, எதுவென்றாலும் பேப்பரில் படம் வரவேண்டும். நானும் தமிழ்க் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் வாரப் பேப்பரில் முழுப்பக்கம் எடுத்தேன். இரு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் கோட் சூட்டோடு செனற்றர். 'எங்கள் தம்பியைக் காத்த வள்ளலே, வெற்றிவாகை சூடுக!' பெருமை தாங்காமல் ஒரு பிரதியை அவருடைய அலுவலகத்துக்கும் அனுப்பினேன்.

தம்பியின் கோப்பைப் பார்த்த பெண் அங்கிருந்து போன் எடுத்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். ஆங்கிலத்தில் சொன்னேன்.

"எதிராளியிடம் இது கிடைத்தால் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். இனிப் போடாதீர்கள். தேர்தல் முடியும்வரை இங்கே போனும் எடுக்காதீர்கள். அடுத்த கடிதமும் அதற்குப் பிறகுதான்."

எனக்குக் கை கால் ஓடவில்லை. பிறகு ஓடிய ஓட்டம் கொஞ்சமல்ல. பஸ் மாறி மாறிக் கடை கடையாக ஏறி, வாசலில் கிடந்த பேப்பர்களை அள்ளினேன்.

"என்ன தங்கச்சி, கட்டுக் கட்டாத் தூக்கிறியள்?" என்றார் ஒரு கடைக்காரர்.

"வீட்டில விசேசம் அண்ணை. மேசையில விரிக்க."

தமிழ்ப் பேப்பரை அந்த மாநிலத்தில் யார் வாசிப்பார்கள் என்று யோசிக்கும் புத்தி அப்போது இல்லை. முகாமிலிருந்து தம்பி போனில் கேட்டான்: "அக்கா, அந்தாள் வெல்லுமோ?" வெல்லும் என்றேன். பேப்பர் கதையைச் சொல்ல வாய் வரவில்லை.

செனற்றர் தோற்றுப்போனார். காலை வேலைக்குப் புறப்படும்போது செய்தியில் பார்த்துவிட்டு, சப்பாத்தோடு கதிரையில் இருந்துவிட்டேன். ஊரில் தோற்றவர் வாசலுக்கு மறுநாள் ஒருவரும் போகமாட்டார்கள். நானும் போன் எடுக்கவில்லை. என் கையாலேயே தம்பியைக் கெடுத்துவிட்டேன் என்று நாள் முழுக்க என்னையே திட்டினேன்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண்ணே போன் எடுத்தாள். ஜனவரி வரை அவர்தான் செனற்றராம். இரண்டாவது கடிதம் போய்விட்டதாம். வெள்ளிக்கிழமை தம்பியை வெளியில் விடுகிறார்களாம்.

அழுதுகொண்டே கேட்டேன்: "என் பேப்பரால்தான் தோற்றாரா?"

"அதை ஒருவரும் பார்க்கவில்லை. என் மேசை லாச்சிக்குள்தான் கிடக்கிறது," என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "விரும்பினால் இனி நீங்கள் போடலாம். இனி அதனால் அவருக்கு ஒரு கெடுதலும் வராது."

தம்பி ரொறன்ரோ வந்து சேர்ந்த வாரமே அவனையும் கூட்டிக்கொண்டு பேப்பர்க்காரரிடம் போனேன். அதே முழுப்பக்கம், அதே படம்.

"ஆள் தோத்துப்போச்சே தங்கச்சி, வெற்றி எண்டதை எடுத்துவிடவோ?" என்றார் அவர்.

பக்கத்தில் தம்பி, யாரோ கொடுத்த பெரிய ஜக்கெற்றுக்குள் நின்றுகொண்டிருந்தான்.

"வேண்டாம் அண்ணை," என்றேன். "அது இருக்கட்டும்."