இடப்பக்க வாய்க்கால்

பீங்கானில் பாதிச் சோறு அப்படியே கிடக்க, அச்சிமுகம்மது விரலைச் சூப்பிவிட்டு, "சோறு காணா புள்ள, இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.

ஹாஜறா பீங்கானைப் பார்த்தாள். நடுவே கோடு கிழித்தாற்போல வலப்பக்கம் துடைத்து வழித்திருந்தது. இடப்பக்கத்தில் சோறும் மீன் ஆணமும் கைபடாமல் கிடந்தன. பகிடி விடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். முகத்தில் பசிதான் இருந்தது. அவள் பீங்கானை அரைச் சுற்றுச் சுற்றிவிட்டாள். "இவ்வளவும் போதும்" என்று மிச்சத்தைத் தின்று எழும்பினவர், போகிற போக்கில் இடத்தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டு, கதவைத்தான் ஏசினார்.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டின் சிறுபோகம். நிந்தவூரில், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கிணற்றடி ஈரத்தைக்கூட விட்டுவைக்காத மாதம். ஹாஜறாவுக்கு நாற்பத்தொன்பது வயது. நெல் அவித்து, குற்றி, அரிசியாக விற்று இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவள். கிடாரத்தில் நெல் வாய் பிளக்கும் வாசனையைக் கோழிக்குத் தீன் போட்டபடியே பிடித்துவிடுவாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை, அவளுடைய மூக்கு அங்கே காவல் நிற்கும். தொண்ணூறில் தமிழாக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கலவரம் வந்த பிறகு காதும் அப்படி ஆகிவிட்டது. தெருவில் ஓடுகிற கால் பஸ்ஸுக்கு ஓடுகிறதா, வேறெதற்காவது ஓடுகிறதா என்று கையில் சுளகோடு நின்றே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குத் தன் வீட்டு மனிசனில் வந்த மாற்றம் பிடிபட மூன்று கிழமை சென்றது.

மூன்று கிழமைக்கு முன் ஒரு காலை, அவர் கிணற்றடியில் குந்தினவர் குந்தினபடி சரிந்தார். வெயில் என்றார்கள். இரண்டு நாள் படுத்து எழும்பினார். இடது கால் கொஞ்சம் இழுபட்டது, பிறகு அதுவும் தெளிந்துவிட்டது. தொழுகை முடிவில் வலப்பக்கம் முகம் திருப்பி ஸலாம் கொடுத்தவர், இடப்பக்கம் திரும்பாமலே எழும்பினதை அவள் இரண்டு தடவை கண்டிருந்தாள். மறதி என்று விட்டுவிட்டாள்.

அச்சிமுகம்மது வட்டைவிதானை. ஊருக்கு மேற்கே இருக்கும் வயல்வெளிக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர். மேற்கிலிருந்து வரும் பெரிய வாய்க்கால் ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். தண்ணீர் போகிற பக்கம் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் போவது காரைதீவுத் தமிழாக்களின் வயல்களுக்கு, வலக்கைப் பக்கம் நிந்தவூராரின் வயல்களுக்கு. இரண்டிலும் கதவுப் பலகை உண்டு. முறைநாள் வந்தால் இரண்டையும் தூக்குவது அவர் வேலை, வேறு எவரும் பலகையில் கைவைப்பதில்லை. கலவரத்துக்குப் பிறகு இரண்டு போகம் வெளி தரிசாகக் கிடந்து, ஆட்கள் மறுபடி இறங்கியபோது, காரைதீவாருக்காகப் பேச வந்த பாக்கியராசா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பழைய விதானையே இருக்கவேண்டும். பதினெட்டு வருடத்தில் எவரும் அவர் கை ஒருபக்கம் சாய்ந்தது என்று சொன்னதில்லை.

பீங்கானைச் சுற்றிவிட்ட அன்று பின்னேரம் அவளுடைய தம்பி ஜவுபர் வந்தான். அவன் வயலும் அந்த வெளியில்தான். மச்சான் வீட்டில் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து கொப்பித்தாள் ஒன்றை எடுத்தான். கதவுப் பலகையில் கல் பாரம் வைத்துக் கிடந்ததாம். கையெழுத்தில்லை. வெள்ளிக்கிழமைக்குள் தண்ணீர் வரவேண்டும், வராவிட்டால் விதானை சனிக்கிழமை வெளிக்கு வரத் தேவையில்லை என்று இரண்டே வரி.

அந்த வருடங்களில் அப்படியான கடுதாசியை இரண்டாம் முறை வாசிக்கத் தேவையில்லை. தண்ணீர் எப்படிப் போகிறது என்று ஹாஜறா கேட்டாள். நம்முடைய பக்கம் முட்டிக் கிடக்கிறது என்றான் ஜவுபர்.

"அந்தப் பக்கம்?"

அவன் செருப்பைப் பார்த்தான். "அத நான் என்னத்துக்குப் பாக்க, ராத்தா."

அப்போதுதான் அவளுக்குப் பீங்கானும் கதவு நிலையும் கொடுக்காத ஸலாமும் ஒரு கயிற்றில் கோத்ததுபோல வந்து நின்றன. எல்லாம் இடப்பக்கம்.

அவர் வந்ததும் இரண்டு பலகையையும் தூக்கினாரா என்று கேட்டாள். அவருக்குக் கோபம் வந்தது. இரண்டும் திறந்துதானே கிடக்கிறது, பாக்கியராசாவும் போன கிழமை வந்து இதையேதான் கேட்டான், அவனுக்கும் இதைத்தான் சொன்னேன் என்றார். அவருடைய கண்ணில் துளிப் பொய் இல்லை. அதுதான் அவளை நடுங்க வைத்தது. பொய் சொல்கிற மனிசனென்றால் காலில் விழுந்தாவது உண்மையை வாங்கலாம். இவரிடம் எதை வாங்குவது?

புதன்கிழமை காலை, தலைச்சுற்றுக்கு மருந்து எடுப்போம் என்று சொல்லி அவரைக் கல்முனைக்குக் கூட்டிப் போனாள். வழியில் ஆமிக் காவலரணில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி நடக்க விட்டார்கள். மண்மூட்டைகளும் சிப்பாயும் இடப்பக்கம். முன்னே போனவர்கள் அடையாள அட்டையை நீட்டி நீட்டிப் போக, அச்சிமுகம்மது கையை வீசிக்கொண்டு நேரே நடந்தார். சிப்பாய் சிங்களத்தில் ஏதோ அதட்டினான். அவர் வலப்பக்கத் தென்னைகளில் ஆளைத் தேடினார். இரண்டாம் அதட்டலோடு துவக்கு மேலே எழும்பியது. ஹாஜறா பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, மடியிலிருந்த இரண்டு அட்டைகளையும் நீட்டினாள். அந்த அவசரத்தில் அட்டை ஒன்று கீழே விழுந்தது. அதை எடுத்துக் கொடுத்தவன் அந்தச் சிப்பாய்தான். இருபது வயது இருக்கும், அவன் முகமும் வெளிறித்தான் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் கடதாசியில் வட்டம் கீறி, மணிக்கூடு போல இலக்கம் போடச் சொன்னார். அச்சிமுகம்மது பன்னிரண்டு இலக்கத்தையும் வலப்பக்கப் பாதிக்குள் நெருக்கி எழுதி, சரிதானே என்று சிரித்தார். டொக்டர் சிரிக்கவில்லை. அவரை வெளியே இருத்திவிட்டு ஹாஜறாவுக்கு விளங்கப்படுத்தினார். கண்ணில் குறையில்லை, மூளையின் வலப்பக்கத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது. தலைக்குள் இரண்டு காவற்காரர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்க மூளையில் நிற்பவன் வலத்தை மட்டும் பார்ப்பான். வலப்பக்க மூளையில் நிற்பவன் இரண்டு பக்கமும் பார்ப்பான். விழுந்தது அந்த இரண்டாவது ஆள். இனி இடத்தைப் பார்க்க ஆளில்லை.

அந்தப் பக்கம் இருட்டாக இருக்குமா என்று அவள் கேட்டாள்.

"இருட்டில்லையம்மா. இருட்டெண்டால் அவருக்கே தெரியும், விளக்கைக் கொண்டு போவார். அப்படி ஒரு பக்கம் இருக்கெண்ட நினைப்பே அவருக்கு இல்லை."

குளிசை எழுதிக் கொடுத்தார். சிலருக்கு மாதக்கணக்கில் தெளியும், சிலருக்குத் தெளியாது. பார்க்க வேண்டியதை வலப்பக்கம் வரும்படி ஆளைத் திருப்பிவிடுங்கள், இடத்தை ஓயாமல் ஞாபகப்படுத்துங்கள் என்றார். இங்கிலிசில் நோயை எழுதின ஒரு துண்டும் தந்தார். அவள் அதை மடித்து முந்தானை முடிச்சில் வைத்துக்கொண்டாள். கல்லுக்கடியில் கடுதாசி வைக்கிறவன் ஆஸ்பத்திரித் துண்டையா வாசித்துப் பார்க்கப்போகிறான்?

திரும்பும் பஸ் காரைதீவுக்கு வந்ததும், நினைத்துப் பார்த்தால் கால் நகராது என்று தெரிந்தே, நினைக்காமல் அவரையும் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஆறு வருடமாக அவள் அந்த மண்ணில் இறங்கியதில்லை. தெருவில் நின்ற இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். முக்காட்டை இழுத்துவிட்டு, பாக்கியராசாவின் வீட்டு வேலிப் படலை வரை அவள் தலையை நிமிர்த்தவில்லை.

பாக்கியராசா வாங்க என்று சொல்லவில்லை. அச்சிமுகம்மது உட்கார்ந்ததும், அவருடைய வலப்பக்கம் கிடந்த கதிரையைக் காலால் இழுத்து அதில் உட்கார்ந்தார். அச்சிமுகம்மதுவோ பழைய உரிமையில் மாட்டைப் பற்றிக் கேட்டார், மழையைப் பற்றிக் கேட்டார். பாக்கியராசாவின் மனைவி தங்கேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து விதானையின் இடப்பக்க ஸ்டூலில் வைத்தாள். அவர் தொடவில்லை. ஆவி அடங்கியது, பாலாடை படர்ந்தது. தங்கேஸ்வரியின் முகம் மெல்ல இறுகியது. தமிழாக்கள் வீட்டில் ஒரு முஸ்லிம் குடிக்கவில்லை என்பது அந்தக் காலத்தில் சாதாரண விசயமில்லை.

"தண்ணியும் தாறல்ல, எங்கட தண்ணியக் குடிக்கவும் மாட்டார்" என்றார் பாக்கியராசா மனைவியிடம், இவர்களுக்குக் கேட்கும்படி.

ஹாஜறா தன் கையால் கோப்பையை நகர்த்தப் போனாள். பிறகு, நான் தொட்டால் சொல்லிக் கொடுத்து நடிப்பது என்பார்கள் என்று கையை இழுத்துக்கொண்டாள். "தங்கச்சி, ஒண்டும் கதைக்காம அந்தக் கோப்பையை எடுத்து அவர்ர வலப்பக்கத்தில வைங்க."

தங்கேஸ்வரி கணவனைப் பார்த்தாள், பிறகு அப்படியே செய்தாள். கோப்பையை வைத்து முடிக்குமுன் அச்சிமுகம்மது அதை எடுத்து ஒரே மடக்கில் பாதியைக் குடித்தார். "தேத்தண்ணி வாசம் அப்பயே வந்திச்சு. எங்க காணல்லயே, நமக்கில்லப் போல எண்டு இருந்தன்."

பாக்கியராசா எழும்பி, சத்தமில்லாமல் சுற்றி வந்து அவருடைய இடப்பக்கம் நின்றார். "விதானையார், இந்தப் போகம் வெள்ளாம எப்படி?" என்றார். அச்சிமுகம்மது வலப்பக்கம் திரும்பி, ஆளில்லாத கதிரையைப் பார்த்து, "நல்லாயிருக்கு பாக்கியராசா, இந்த முறை ஒருத்தருக்கும் குறையில்ல" என்று அன்போடு சொன்னார். பாக்கியராசாவின் கைமயிர் நட்டு நிற்பதை ஹாஜறா கண்டாள்.

அதன் பிறகுதான் அவள் பாக்கியராசாவை முற்றத்துக்குக் கூட்டிப்போய், டொக்டர் சொன்னதைச் சொல்லி, கல்லுக்கடியில் கிடந்த கடுதாசியை எடுத்தாள். பாக்கியராசா வாசித்துவிட்டு அதை மடித்து அவளிடமே கொடுத்தார். இது தான் எழுதியதில்லை, எழுதியது யாரென்றும் தெரியாது, தெரிந்தாலும் போய்ச் சொல்லக்கூடிய ஆட்களா அவர்கள் என்றார். செய்யக்கூடியது ஒன்றுதான், தண்ணீர் வந்தால் கண்டுகொள்வார்கள்.

வியாழன் முறைநாள். விடிய வாய்க்கால் பிரிவில் நாலு பேர் நின்றார்கள். ஜவுபரை ஹாஜறாதான் இழுத்து வந்திருந்தாள். அச்சிமுகம்மது வழக்கம்போல நீரோட்டத்தைப் பார்த்து நின்று வலப்பக்கப் பலகையைத் தூக்கிவிட்டுக் கையைத் துடைத்தார். பாக்கியராசா அவர் தோளில் கைபோட்டு, கதைத்துக்கொண்டே வரம்பால் கொஞ்சத் தூரம் நடத்திப் போய், மேற்கே முகம் பார்க்கத் திருப்பினார்.

இப்போது காரைதீவு வயல்கள் அவருடைய வலப்பக்கம் வந்தன. வெடித்த மண். மஞ்சளாகி நுனி சுருண்ட பயிர், ஏக்கர் கணக்கில். வாய்க்காலில் காய்ந்த பாசி. மூடின பலகை.

அவர் வாய் கோணியது. வரம்பில் தடுமாறிக் குந்தி ஒரு நெற்பயிரைப் பிடுங்கிப் பார்த்தார். "பயிர் கருகிப் போச்சே. இந்தப் பாவத்தச் செய்தது ஆரு? என்ட வாய்க்கால மறிச்சது ஆருடா?"

ஜவுபர் மண்ணைப் பார்த்தான்.

"ஆரெண்டு தெரியல்ல காக்கா" என்றார் பாக்கியராசா, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் முறையில். "நீங்க வந்து திறங்க."

அவர் ஓடிப்போய்த் தூக்கினார். தண்ணீர் முதலில் காய்ந்த மண்ணுக்குள் சத்தத்தோடு இறங்கியது, பிறகுதான் நடக்கத் தொடங்கியது. இனி ஒவ்வொரு முறைநாளும் விதானையைக் கிழக்கே பார்த்து ஒருதரம், மேற்கே பார்த்து ஒருதரம் நடத்துவதென்று பாக்கியராசாவும் ஹாஜறாவும் பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் தம்பியைப் பின்னால் நிறுத்தினாள். "மச்சானுக்கு மூளையில நரம்பு அடைச்சிட்டு. ஒனக்கு என்ன அடைச்சது?" அவன் அவளைக் கடந்து முன்னே நடந்தான். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. தான் இந்த மூன்று கிழமையில் இரண்டு தரம் கஞ்சி கொண்டு அந்த வரம்பால் போனது அவளுக்கு ஞாபகம் வந்தது. தங்கள் பக்கம் தண்ணீர் நிற்பதைக் கண்டு அவளும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லித்தான் வந்திருந்தாள்.

பின்னேர அஸர் தொழுகைக்கு முன் தன் இடது கையைத் தூக்கி வலப்பக்கம் கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருந்த அச்சிமுகம்மது, "ஹாஜறா, வாய்க்கால மறிச்சது நான்தானா?" என்றார்.

"ஓம்."

தொழுகை முடிவில் அவர் வலப்பக்கம் ஸலாம் கொடுத்தார். பிறகு கழுத்தைக் கையால் தள்ளுவதுபோல, தெரியாத வீட்டில் சுவரைத் தடவுகிறவர்போல, மெல்ல இடப்பக்கம் திரும்பினார்.

வெள்ளி வந்தது. ஜும்ஆவுக்குப் போய் வந்தார், ஒன்றும் நடக்கவில்லை. அன்றைய கெடு முடிந்ததா, தண்ணீரைக் கண்டார்களா, கண்டும் கணக்கெடுக்கவில்லையா என்று சொல்ல ஒருவருமில்லை. சனி காலை அவர் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தார். ஹாஜறா கிடாரத்தில் நெல்லை ஏற்றி அடுப்பை மூட்டிவிட்டு, வந்து அவருடைய இடப்பக்கம் நின்றாள். அந்தப் பக்கம்தான் படலை. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் மெதுவாக வந்தது. படலைக்கு நேரே இன்னும் மெதுவானது. அவளுக்குக் கண்ணும் காதும் மூச்சும் எல்லாம் அந்தப் படலையில் போய் ஒட்டிக்கொண்டன. நிற்குமா, கடக்குமா என்று, அதன் சத்தம் தெரு முடிவில் தேயும்வரை அவள் கண்ணிமைக்கவில்லை.

"புள்ள" என்றார் அச்சிமுகம்மது, மூக்கை உறிஞ்சி. "நெல் அடிப்பிடிக்குது. ஒனக்கு மணக்கல்லயா?"

முப்பது வருடத்தில் முதல்முறையாக அவளுக்கு மணக்கவில்லை. அப்போதும் அவள் உடனே போகவில்லை. படலையைப் பார்த்தபடியே அவரைக் கையைப் பிடித்து எழுப்பி, தானும் அவரோடு, அவருடைய இடப்பக்கமாகவே, அடுப்படிக்கு நடந்தாள்.