‘அதாவது’ சாரின் பைப்

இடது கன்னத்தைக் காட்டி ஒரு தடவை, வலது கன்னத்தைக் காட்டி ஒரு தடவை, குளியலறைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். வாயில் நேரான பைப். உள்ளே புகையிலை கிடையாது. கொசுவத்திப் புகைக்கே இருமுகிற மனிதர் அவர்.

“வட்ட முகத்துக்கு நேர் பைப்புதான் எடுப்பா இருக்கும்னு கடைக்காரர் சொன்னாரு.”

“பீப்பாய்ல குழாய் வச்ச மாதிரி இருக்குப்பா,” என்றாள் மகள்.

மறுநாள் நன்றாக வளைந்த பைப் வந்தது. பல்லுக்குப் பாரமில்லை, தாடையோடு தொங்கியது. “துக்கம் விசாரிக்கக் கிளம்பின மாதிரி இருக்கீங்க,” என்று மனைவி அதையும் தள்ளிவிட்டாள்.

அவர் லிஃப்ட் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவுக்குத் தலைவர். ஊரார் புகாரையெல்லாம் காதுகொடுத்துக் கேட்கிறவரின் பேச்சைக் கேட்கத்தான் ஆளில்லை. “அதாவது...” என்று ஆரம்பிப்பார்; அதற்குள் வேறு யாராவது முந்திக்கொள்வார்கள். அலுவலகத்தில் அவருக்கு ‘அதாவது சார்’ என்றே பெயர். வீட்டிலும் அதே கதைதான்.

பழைய மேலாளர் பைப் பிடித்தவர். அதை வாயிலிருந்து எடுத்தாலே கூட்டம் கப்சிப். எடுத்தபின் என்ன சொன்னார் என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

இப்போது புகார்ப் பிரிவை மூடிவிட்டு, பதிவு செய்த குரல் ஒன்றிடம் வேலையை ஒப்படைக்கப் போகிறார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவு. அவருக்குக் கீழே இருக்கும் இரண்டு பெண்களுக்கும் வேலை போய்விடும். “எங்களுக்காக நீங்க நாலு வார்த்தை பேசுங்க சார்,” என்று கெஞ்சியிருந்தார்கள். அதற்காகத்தான் வாரம் முழுக்க இந்தத் தயாரிப்பு.

கடைசியில், பாதி வளைந்த பைப் ஒன்று முகத்துக்கு அப்படிப் பொருந்தியது. மகள்கூடக் கேலியை மறந்து, “நிஜமாவே பெரிய ஆள் மாதிரி இருக்கீங்கப்பா,” என்றாள்.

கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் நிதானமாகப் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். சொல்லிவைத்தாற்போல் எல்லோரும் நிறுத்தினார்கள். நிர்வாகி பேனாவைக் கீழே வைத்தார். “சொல்லுங்க சார்.” மேஜைக் கோடியில் அந்த இரண்டு பெண்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“அதாவது...” என்றார்.

யாரும் குறுக்கே பேசவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லைத் தாண்டி அவர் போனதே இல்லை. யாராவது முந்திக்கொள்ள மாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. எல்லோரும் மரியாதையோடு காத்திருந்தார்கள்.

காலிப் பைப்பின் குழிக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு அதை மெல்ல வாயில் வைத்துக்கொண்டார்.