தங்கராஜ் டிசைன்

கரடியூர் வீராயிக்குக் கல்யாணத்துக்கு முன்பே எனாமல் வேலை கைவந்துவிட்டது. ஏற்காட்டில் பெண்களுக்கென்று நடந்த கைத்தொழில் வகுப்பில் ஒரு வருடம் படித்தாள். செம்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளைச் சலித்துத் தூவி, கரண்டு உலையில் வைத்து எடுத்தால், தூள் உருகி நிறமாகப் பிடித்துக்கொள்ளும். மற்ற பெண்கள் ரோஜாவும் மயிலும் செய்தார்கள். வீராயிக்கு வெளிச்சத்தின்மேல்தான் கண். மழைவிட்ட சாயங்காலங்களில் மஞ்சு மூட்டத்துக்குள் வெயில் இறங்கும்போது, காப்பித் தோட்டத்தின்மேல் கொஞ்ச நேரம் ஒரு மங்கிய மஞ்சள் நிற்கும். அதைக் கம்மலில் கொண்டுவரப் பார்த்தாள். மெல்லிசாகப் பூசிப் பூசித் திரும்பத் திரும்பச் சுடவேண்டும். பாதி வெடித்துப் போகும். தப்பியது காதில் ஆடும்போது உள்ளேயிருந்து ஒளிர்வது போலிருக்கும்.

ஏரிக்கரையில் ஃபேன்சி கடை வைத்திருந்த சேலத்துக்காரன் தங்கராஜ் அவளை விரும்பிக் கட்டிக்கொண்டான். அது 1976. கடைக்குப் பின்னால் உலை போட்டுக் கொடுத்தான். அவள் உள்ளே செய்தாள், அவன் முன்னால் விற்றான். யார் செய்தது என்று சுற்றுலா வந்தவர்கள் கேட்டால், நம்ம ஊட்டுத் தயாரிப்புதானுங்க என்பான். அது எப்போது 'நான் செய்யறதுங்க' என்று மாறியதோ, உலைச் சூட்டில் கிடந்தவளுக்குத் தெரியவில்லை.

சேலத்தில் நடந்த ஒரு கண்காட்சியில்தான் தெரிந்தது. பலகையில் அவன் பெயர் மட்டும் பெரிதாக எழுதியிருந்தது. எல்லார் முன்னாலும் கம்மலைச் சுட்டுக் காட்ட, உதவிக்கு என்று அவளைக் கூட்டிப் போயிருந்தான். சென்னையிலிருந்து ஒரு பெரிய கடைக்குச் சரக்கு எடுக்க வந்த அம்மாள் வெகுநேரம் வீராயியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அருகில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"உண்மையைச் சொல்லும்மா. இதையெல்லாம் யோசிச்சுச் செய்யறது நீதானே?"

தங்கராஜ் பக்கத்தில்தான் நின்றான். அவன் முகத்தில் கோபம் இல்லை. பயந்துபோயிருந்தான். அதைப் பார்த்ததும் வீராயி உலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கட்டினவனை நாலு பேர் நடுவில் பொய்யனாக்குவதா?

"இல்லைங்க. எல்லாம் அவரு சொல்றதுதானுங்க. நான் சும்மா கூடமாட இருக்கறனுங்க."

அந்த அம்மாள் அதற்குமேல் கேட்கவில்லை. அடுத்த மாதமே அந்தக் கடைக்குக் கம்மல் செய்துதரச் சொல்லித் தங்கராஜைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டார். அவளைக் கடையில் விட்டுவிட்டு, மாதிரிகளையும் உலையையும் அவன் லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். அங்கே ஆள் வைத்து அவளுடைய கம்மல்களை அச்சு அசலாகச் செய்ய வைத்தான். முதலில் மாதம் ஒருமுறை வந்தான், பிறகு தீபாவளிக்கு வந்தான், பிறகு வரவே இல்லை. அங்கே அவனுக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டதென்று பஸ் கண்டக்டர் சொல்லித்தான் அவள் அறிந்தாள். கடையைக் காலி செய்துவிட்டுக் கரடியூரில் தம்பி மாதப்பன் வீட்டுக்கு வந்தாள். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தாள்.

பல வருடம் கழித்து, அக்காள் சாயங்காலங்களில் சும்மா உட்கார்ந்து மலையைப் பார்ப்பதைச் சகிக்காமல், மாதப்பன் சேலத்தில் அலைந்து பழைய உலை ஒன்றை வாங்கி வந்தான். கை மறந்திருக்கவில்லை. அதே மங்கிய மஞ்சளில் சில ஜோடிகள் தேறியதும் ஏரிக்கரைக்குக் கொண்டுபோனாள். அங்கே கடை வைத்திருந்த பொன்னுவேல் ஊருக்குப் புதியவன். அவளை அவனுக்குத் தெரியாது. கம்மலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏனுங்க, இது தங்கராஜ் டிசைனாச்சுங்களே. மெட்ராஸ்ல இருந்து எனக்கு வருதுங்க. இப்படிக் காப்பியடிச்சு வித்தா அவரு வம்புக்கு வருவாருங்க."

வீராயி பெட்டியை மூடிக்கொண்டு பஸ் ஏறினாள்.

நடந்ததைக் கேட்டதும் மாதப்பன் கொதித்தான். நாளைக்கே மெட்ராஸ் போய் அந்தாளைக் கேட்கலாம் என்று குதித்தான்.

"போயி என்ன கேக்கறது கண்ணு?" என்றாள். "எல்லாம் அவரு சொல்றதுன்னு நீயேதான அன்னிக்குக் கண்காட்சியில சொன்னேம்பான். சொன்னது நானுதான."

அதன்பிறகு அவள் ஒரே நிறத்தில் வட்டக் கம்மல்கள் செய்தாள். ஒரு பூச்சு, ஒரு சூடு. சிவப்பு, பச்சை, நீலம். எதுவும் வெடிக்கவில்லை. பொன்னுவேல் வாராவாரம் வாங்கிக்கொண்டான். பளிச்சென்று இருக்கிறது, இதுதான் நொம்ப ஓடுகிறது என்றான். அவளும் சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தாள்.