ஜன்னலைப் பார்த்த நாற்காலி

கொச்சியில், மட்டாஞ்சேரியை ஒட்டிய கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் மர நாற்காலி ஒன்று கிடக்கிறது. ஒரு கை உடைந்த நாற்காலி. ரொம்ப வருஷம் அது ஜன்னலைப் பார்த்துத்தான் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றும் கிடையாது, எதிர்க் கிடங்கின் பாசி பிடித்த சுவர் மட்டும்தான். அந்தச் சுவரைப் பார்த்தபடி மேஸ்திரி உட்கார்ந்திருந்தாரே, அந்த முதுகு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நினைத்தால் அழுகை வருவதில்லை. கோபம் வருகிறது. யார் மேல் என்று கேட்டால், அன்றைக்கு அந்த அறையில் இருந்த எல்லார் மேலும். செத்துப்போன அவர் மேலும்தான்.

மேஸ்திரி என்றால் கார்ப்பரேஷன் துப்புரவு மேஸ்திரி. தெருக் கூட்ட வந்து மட்டாஞ்சேரியிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். துடைப்பத்தில் தொடங்கி மேஸ்திரியாகி ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு கதை எழுதும் கிறுக்கு பிடித்தது. இந்த ஊரில் தமிழில் எழுதுகிறவர்கள் யார் யார் என்று தேடிப்பிடித்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எங்களைக் கூட்டியது அவர்தான். தையல்கடை வைத்திருக்கும் நான், எர்ணாகுளத்தில் கல்லூரியில் தமிழ் நடத்தும் பேராசிரியர், திருநெல்வேலியிலிருந்து வந்து ஹோட்டலில் வேலைக்கு நிற்கும் பரோட்டா மாஸ்டர், இன்னும் வந்து வந்து போகிற சிலர். சங்கம் என்று பேர்கூட வைக்கவில்லை. சாயா, வாழைப்பழத்தில் போடும் பழம்பொரி, கதை, சண்டை. அவ்வளவுதான் கூட்டம்.

மேஸ்திரிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ்க் கதையை மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டு வருவார். இரண்டும் வாசிக்கத் தெரிந்தவள் என்பதால் நான்தான் அவர் கதைகளை உரக்கப் படிப்பேன். என்னை மகளாக நினைத்து மோளே என்றுதான் கூப்பிடுவார். எல்லாம் சிரிப்புக் கதைகள். சாக்கடை ஓடையைத் திறந்து வைக்க வந்த கவுன்சிலர் அந்த ஓடைக்குள்ளேயே விழுந்த கதையைப் படிக்கும்போது சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

கூட்டத்துக்கு அவர் வைத்த சட்டங்கள் சில உண்டு. எழுதியவர் தன் கதையைத் தானே படிக்கக் கூடாது. அந்த நாற்காலியில் ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும், எல்லாரும் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. எழுதினவன் முகத்தைப் பார்த்தால் எவனுக்கும் உண்மை சொல்ல வாய் வராது என்பார். அதைவிடப் பெரிய சட்டம், கதை உண்மையில் நடந்ததா என்று யாரும் கேட்கக் கூடாது. “நடந்தா என்ன, நடக்காட்டி என்ன? கதை சொந்தக் கால்ல நிக்குதா, அதைச் சொல்லு” என்பார். முடிக்கத் தெரியாத கதையைப் பாதியிலேயே கொண்டுவரலாம். ஆளுக்கொரு முடிவு சொல்வோம். அதிகம் பேர் ஒத்துக்கொள்ளும் முடிவைக் கதை எழுதியவர் எழுதிக்கொண்டு வர வேண்டும். நல்ல ஏற்பாடு என்றுதான் அப்போது நானும் நினைத்தேன்.

ஒரு கர்க்கடக மழையில், நம் ஆடி மாதத்தில், அவர் பாதிக் கதை ஒன்றைக் கொண்டுவந்தார். நான் படித்தேன். தெருக் கூட்டிய ஒருவரின் மகன் படித்து நல்ல வேலைக்குப் போய்க் கல்யாணம் செய்கிறான். பெண் வீட்டாரிடம் அப்பா கார்ப்பரேஷனில் ஆபீசர் என்று சொல்லி வைத்திருக்கிறான். பந்தியில் பக்கத்தில் இருந்தவர் எந்த செக்‌ஷன் என்று கேட்கிறார். அப்பா இலையை மடித்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறார். அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகிறது. ஆண்டுகள் கழித்து ஒரு நாள் திருப்பூணித்துறையில் மகன் வீட்டுக் கேட் முன்னால் போய் நிற்கிறார். அதோடு கதை நிற்கிறது. சிரிக்க ஒரு வரி இல்லை. மேஸ்திரி இப்படியும் எழுதுவாரா என்று எல்லாருக்கும் ஆச்சரியம். எனக்குள் என்னவோ உறுத்தியது. ஆனால் கேட்கக் கூடாது, சட்டம்.

முதலில் நான்தான் சொன்னேன், பெல்லை அடிக்கட்டும், மகன் வந்து திறக்கட்டும் என்று. பரோட்டா மாஸ்டர் விடுவானா? “அக்கா கதைன்னா கடைசி சீன்ல எல்லாரும் சேந்து நின்னு போட்டோ எடுத்துருவாங்க” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மணியை அடித்துவிட்டால் அது வெறும் குடும்பக் கதை, அடிக்காமல் திரும்பி நடப்பதில்தான் கலை இருக்கிறது என்றார். அந்த மனிதரின் மானம் அதில்தான் காப்பாற்றப்படுகிறது என்றும் விளக்கினார். ஒவ்வொருவராக ஒத்துக்கொண்டார்கள். திரும்பிப் போகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைக்கட்டும் என்றார் ஒருவர், மழைச்சாரல் முகத்தில் அடிக்கட்டும் என்றார் இன்னொருவர். ஒரு மனிதனை அவன் மகன் வாசலிலிருந்து திருப்பி அனுப்ப இவ்வளவு சந்தோஷமாக ஆட்கள் கூடிப் பேசி நான் பார்த்ததில்லை. நான் இன்னும் ஒரு தடவை எதிர்த்துச் சத்தம் போட்டேன். அப்போதுதான் மேஸ்திரி தன் சட்டத்தைத் தானே உடைத்தார். திரும்பிப் பார்க்காமலே, “மதி மோளே. அவங்க சொல்றதுதான் சரி” என்றார். முதுகு அசையவில்லை.

ஓணத்துக்கு முந்தின வாரம் பெரிய பொதி நிறைய உப்பேரியோடு, நேந்திரங்காய் சிப்ஸோடு வந்தார். என்ன விசேஷம் என்று கேட்டோம். ஓணமாச்சே, தின்னுங்க என்றார். கதையை எழுதிக்கொண்டு வரவில்லையா என்று பேராசிரியர் கேட்டார். “முடிஞ்சாச்சு சாரே. நீங்க எல்லாரும் சொன்னபடிதான்” என்றார். அப்படியென்றால் கொடுங்கள், படிக்கலாம் என்றேன். “முடிஞ்சுபோன கதையை எதுக்கு மோளே வாசிக்கணும்?” என்று சொல்லிவிட்டு உப்பேரிப் பொதியை என் பக்கம் தள்ளினார். தின்றோம். நல்ல ருசி. பொதி காலியானதும் பரோட்டா மாஸ்டர் அடியில் கிடந்த தூளையும் தட்டி வாயில் போட்டுக்கொண்டான்.

அடுத்த மழைக்காலத்துக்குள் மேஸ்திரி போய்விட்டார், நெஞ்சுவலி. கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். அழைக்காமல் ஒருவன் படியேறி வந்தான். அவருடைய அதே நெற்றி. மகன் என்றான், திருப்பூணித்துறையிலிருந்து வருகிறேன் என்றான். பேராசிரியர் கையிலிருந்த சாயாவைக் கீழே வைத்துவிட்டார். அப்பா இங்கே என்ன பேசுவார் என்று தெரிந்துகொள்ள வந்ததாகச் சொன்னான். பிறகு என்னைப் பார்த்து, போன ஓணத்துக்கு முன்னால் ஒரு நாள் தன் மனைவி மாடியிலிருந்து பார்த்ததைச் சொன்னான். கேட்டுக்கு வெளியே குடை பிடித்துக்கொண்டு ஒரு வயசானவர் நின்றாராம், கையில் ஒரு பொதியாம். கல்யாணத்தில் பார்த்த முகம் என்று அவள் கூப்பிட்டுச் சொல்லி இவன் இறங்கி ஓடுவதற்குள் பஸ் ஏறிப் போய்விட்டாராம். போய்ப் பார்க்க நினைத்து நினைத்து இவனும் போகவில்லை.

“கேட்டு வரைக்கும் வந்தவரு ஏன் பெல் அடிக்கலேன்னு இப்பவும் புரியலக்கா.”

மூடி மறைக்க எனக்குத் தெரியாது. “நாங்கதான் அடிக்க வேண்டாம்னு சொன்னோம்” என்றேன். கதையைச் சொன்னேன், முடிவு சொன்னவர்களைக் கைகாட்டினேன், உன் வீட்டுக்கு வந்த பொதியைத் தின்றதும் நாங்கள்தான் என்றேன். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் போய் அந்த நாற்காலியில், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தான். அது யாருடைய இடம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அதே முதுகு. அன்றைக்கு அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு எங்களால் இலக்கியம் பேச முடிந்திருக்கிறது.

மேஸ்திரி மேல் எனக்கு இருக்கிற கோபமும் சின்னதல்ல. ஓடைக்குள் கவுன்சிலரைத் தள்ளத் தெரிந்த மனுஷனுக்கு, இது என் மகன், நான் போகட்டுமா வேண்டாமா என்று ஒரு வார்த்தை கேட்க வாய் இல்லாமல் போனது. கேட்க வழியில்லாதபடி சட்டம் போட்டதும் அவரேதான்.

மகன் இறங்கிப் போனதும் நாற்காலியை இழுத்து எங்களைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். விமர்சனத்தின் நேர்மை போய்விடும் என்று பேராசிரியர் மெதுவாகச் சொன்னார். போகட்டும் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அதில் உட்கார்ந்தது பரோட்டா மாஸ்டர். ஊரில் அம்மாவோடு கோபித்துக்கொண்டு போனே செய்யாத ஒருவனைப் பற்றிய கதை. நான் படித்து முடித்ததும் பேராசிரியர் முடிவைப் பற்றி ஆரம்பித்தார். நான் அவரை நிறுத்திவிட்டு, எதிரே இருந்தவன் முகத்தைப் பார்த்தேன்.

“இது நடந்ததாடா?”

அவன் பழம்பொரித் தட்டைப் பார்த்தான். “ஆமாக்கா.”

“அம்மா இருக்காங்கல்ல?”

“இருக்காங்க.”

“எழுந்திரி. கீழே போய் போன் பண்ணிட்டு வா. கதை அப்புறம்.”

அவன் படியிறங்கும் சத்தம் கேட்டது. பிறகு கிடங்கு வாசலிலிருந்து “எம்மா, நாந்தான்” என்ற குரல் மேலே வந்தது. நாங்கள் சாயாவைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தோம். கை உடைந்த நாற்காலி காலியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.