மேசைக்கு எந்தப் பக்கம்?

மூன்று வாரத்துக்கு முந்தின புதன்கிழமை. டென்மார்க்கில் கிரின்ஸ்டெட் தேவாலயத்தின் நிலவறை. நான் நின்றுகொண்டு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப் பழைய உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை. ஒவ்வொரு புதனும் போகிறேன். நீள மேசை, ஆறு பெண்கள், ஒரு பெரிய கோப்பிக் குடுவை. சட்டைகள் இடப்பக்கம், குழந்தை உடுப்பு நடுவில், கோட் எல்லாம் வலப்பக்கம். மடித்து, அடுக்கி, சாக்கில் கட்டி... கடல் தாண்டிப் போகும். போய்ச் சேரும் இடங்களில் ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும். சாம்பியாவில் ஒரு செம்புச் சுரங்க நகரின் ஓரத்தில் இருக்கும் டவுன்ஷிப் என்ற தொழிலாளர் குடியிருப்பு. நானும் இவரும் நாலு வருடம் அங்கே மிஷனரிகளாக இருந்தோம். இவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். நான் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்தினேன். ஊரில் கலவரம் வந்து யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப முடியாமல் போனபோது அதே மிஷன்தான் எங்களை டென்மார்க்குக்குக் கூப்பிட்டது.

அன்றைக்கு எனக்கு எதிரே நின்றது இங்கர். அறுபது வயது. கணவர் இல்லை. நெடுநெடுவென்று உயரம், குறைந்த பேச்சு. பஸ் இல்லாத இந்த ஊரில் என்னைக் காரில் ஏற்றி இறக்குபவர். டெனிஷ்காரர்களில் எனக்குப் போன் எடுக்கும் ஒரே ஆள். வேறு விதமாகச் சொன்னால், இந்த ஊரில் எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதி.

இங்கர் குவியலில் இருந்து ஒரு மண்ணிறக் கம்பளிக் கோட்டை எடுத்தார். மடிக்கத்தான் தரப்போகிறார் என்று நான் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. மேசையைச் சுற்றி வந்து, கோட்டை என் முதுகில் வைத்து, தோள்மூட்டு இரண்டையும் நீவிவிட்டார்.

"உங்களுக்கு அளவாக இருக்கிறது, ராணி. எடுத்துக்கொள்ளுங்கள்."

மற்றப் பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்பான சிரிப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எனக்கு முகம் எரிந்தது. ஏன்? கோட் நல்ல கோட். என்னிடம் இருப்பது மெல்லியது. வெளியே நவம்பர் மாதக் காற்று. ஆனால் வாயில் வந்தது, "வேண்டாம். எனக்கு இருக்கிறது." அதுவும் நான் நினைத்ததைவிடக் கடுமையான குரலில்.

இங்கர் கோட்டை மடித்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் அடுக்கில் வைத்தார். பின்னேரம் வழக்கம்போல வீட்டில் கொண்டுவந்து விட்டார். வழி முழுக்கக் கார் மட்டும்தான் சத்தம் போட்டது.

வீட்டில் இவருக்குச் சொன்னேன்.

"கோட்டு நல்லதோ?" என்று கேட்டார்.

"நல்லதுதான்."

"பிறகென்ன? வாங்கியிருக்கலாமே. குளிருக்கு வெக்கம் தெரியுமே?"

"நீங்கள் எண்டால் வாங்குவியளோ?"

"நான் ஃபக்டரியிலை ஆரோ விட்டிட்டுப்போன சப்பாத்தைத்தான் போட்டுக்கொண்டு நிக்கிறன். உமக்குத் தெரியாதே?"

எனக்குத் தெரியாது. பத்து வயது மகள் ஷாமினி வீட்டுப்பாடக் கொப்பியில் இருந்து தலையைத் தூக்காமல் டெனிஷில் சொன்னாள்: அவர் நல்லவராக நடக்கப் பார்த்தார், அம்மாதான் கோபித்துக்கொண்டு நிற்கிறார் என்று. தீர்ப்பு முடிந்துவிட்டது.

ஆனால் நான் கோபிக்கவில்லையே... குழம்பிப்போய் நின்றேன். நாலு வருடம் அந்த மேசைக்கு மற்றப் பக்கம் நின்றவள் நான்.

டவுன்ஷிப்புக்கு வருடத்தில் இரண்டு தடவை பொதி வரும். மிஷன் வீட்டு விறாந்தையில் மேசை போட்டு, கையில் பெயர்ப்பட்டியலோடு நிற்பேன். வரிசையாக வருவார்கள். தோளைப் பார்த்தே அளவு சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தேன். எத்தனை பேருடைய முதுகில் கோட் வைத்து நீவிவிட்டிருப்பேன்! அவர்கள் தலையைக் குனிவார்கள். நன்றி என்று நினைத்துக்கொள்வேன். ஒருவருக்காவது அன்றைக்கு முகம் எரிந்திருக்குமா? நான் முதுகுப்பக்கம் அல்லவா நின்றேன், எனக்கு எப்படித் தெரியும்?

அந்த வரிசைக்கு ஒருநாளும் வராத ஒருவர் இருந்தார். பானா முத்தாலே. முத்தாலேயின் அம்மா என்று அர்த்தம். அங்கே பெண்களைப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் பானா ஷாமினி. நாலு வருடமும் அந்தத் தெருவில் என் சொந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை.

பானா முத்தாலேக்கு என் வயது. பக்கத்து வீடு. சந்தையில் கருவாடு விற்பவர். தெருவுக்கு ஒரே தண்ணீர்க் குழாய். விடிய ஐந்து மணிக்கே வாளிகள் வரிசையில் நிற்கும். தன் வாளிக்குப் பின்னால் என் வாளிக்கு ஒரு கல்லை வைத்து இடம் பிடித்திருப்பார். ஊர் முழுக்கச் சவர்க்காரத் தட்டுப்பாடு வந்தபோது, எங்கேயோ கிடைத்த ஒரு கட்டியை நூலால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொண்டுவந்தார். ஷாமினிக்கு மலேரியா என்று கேள்விப்பட்டதும் கூப்பிடாமலே வந்து நிலத்தில் பாயை விரித்து இருந்தார். மூன்று நாள். காய்ச்சல் இறங்கியதும் பாயைச் சுருட்டிக்கொண்டு, சந்தைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். சோளமாவில் களி கிண்ட எனக்குப் பழக்கியதும் அவர்தான். என் களியில் கட்டி விழுந்தால் தெருவுக்கே கேட்கச் சிரிப்பார்.

ஒருநாள் நான் பச்சைக் கைத்தறிச் சேலை உடுத்திருந்தேன். எனக்கு மிகவும் பிடித்த சேலை. பானா முத்தாலே முந்தானையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நீங்கள் ஊருக்குப் போகும்போது இதை எனக்குத் தாருங்கள்."

எனக்குச் சுருக்கென்றது. அட, இவருமா? சிநேகிதி என்று நினைத்தேனே... கடைசியில் இவரும் மிஷன் வீட்டிடம் எதிர்பார்த்துத்தான் பழகினாரா? சிரித்துச் சமாளித்துக்கொண்டு சொன்னேன்: "சனிக்கிழமை வாருங்கள். பொதி பிரிக்கிறோம். நல்லதாக ஒன்று பார்த்து எடுத்து வைக்கிறேன்."

பானா முத்தாலே திரும்பி வீட்டுக்குப் போனார். இரண்டு வாரம் எங்கள் பக்கம் வரவில்லை. என் வாளிக்கு மட்டும் கல் வைத்தபடியே இருந்தது. ஆள் பேசவில்லை.

கடைசியில் குழாயடியில் அவராகவே சொன்னார். "பொதியில் இருந்து யாருக்கும் கிடைக்கும், பானா ஷாமினி. நான் கேட்டது உங்களிடம்."

விளங்கியதா? இல்லை. பிடிக்காதவர்களிடம் அங்கே யாரும் எதையும் கேட்பதில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். சம்பந்திகள் கேட்பார்கள். கூடப் படித்தவர்கள் கேட்பார்கள். கொடுக்க முடிந்தால் கொடுப்பார்கள், முடியாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டுச் சேர்ந்து சிரிப்பார்கள். எல்லாம் என் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது. நானோ அந்தக் காலாண்டில் மிஷன் ஆதரவாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் அழகாக ஒரு வரி சேர்த்தேன்: இங்குள்ளவர்களிடம் கேட்கும் பழக்கம் அதிகம், அதை மாற்றப் பொறுமை வேண்டும்.

புறப்பட்ட அன்று பானா முத்தாலேக்குக் கடையில் வாங்கிய புதுத் தேநீர்க் கேத்தல் ஒன்று கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சேலை என்னுடைய சூட்கேசில் வந்தது.

சரி, கிரின்ஸ்டெட்டுக்கு வருவோம்.

வியாழன், வெள்ளி, சனி... போன் இல்லை. ஞாயிறு ஆராதனையில் இங்கர் தூரத்தில் இருந்து தலையை ஆட்டினார். செவ்வாய் காலை போன் வந்தது. நாளைக்குக் காரில் சாமான் நிறைய இருக்கிறதாம், என்னை ஏற்ற இடம் இருக்காதாம். மன்னிக்க வேண்டுமாம்.

ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். ஒரு சிநேகிதி ஏற்கெனவே கை நழுவிப் போய்விட்டார். இவரும் போனால்?

இவரிடம்கூடச் சொல்லாமல் இங்கர் வீட்டுக்கு நடந்தேன். நாற்பது நிமிடம். போன் எடுத்துக் கேட்காமல் போனேன் என்பதைக் கவனியுங்கள். இந்த நாட்டில் சொல்லாமல் போய் மணி அடித்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். இங்கரும் அப்படித்தான் நினைத்தார். கதவைத் திறந்து, "என்ன நடந்தது? பிள்ளைக்கு ஏதாவது?" என்றார்.

மன்னிப்புக் கேட்க டெனிஷில் நாலு வசனம் பாடமாக்கி வந்திருந்தேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. எதிரே இங்கர், முழங்கையில் வேறு நிற நூலால் தைத்த சாம்பல்நிறக் கம்பளிச் சுவெட்டரோடு நிற்கிறார். என் வாய் தன் பாட்டில் சொல்லிற்று:

"நீங்கள் போட்டிருக்கும் இந்தச் சுவெட்டர் எனக்கு வேண்டும்."

சத்தியமாக நான் திட்டம் போடவில்லை.

இங்கர் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். "இதா? இது பழையது."

"தெரியும்."

"கிழிந்து தைத்தது."

"அதுவும் தெரிகிறது."

"அன்றைக்கு அந்த நல்ல கோட்டை வேண்டாம் என்றீர்களே?"

"ஓம். இது வேண்டும்."

எங்கள் இருவரில் யார் அதிகம் குழம்பியிருந்தார் என்று என்னால் சொல்ல முடியாது. இங்கருடைய கை பொத்தான் வரை போயிற்று. பிறகு நின்றது.

"தர மாட்டேன்," என்றார். சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுப்போனார். "இதைத் தர முடியாது, ராணி. எரிக் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து பின்னியது. அவருக்குத்தான் பின்னினேன். ஒரு கை பின்ன மிச்சம் இருந்தது, அவர் போய்விட்டார். மிச்சத்தையும் பின்னி நானே போட்டுக்கொண்டேன்."

ஒன்றரை வருடப் பழக்கம். அவருடைய கணவரின் பெயர் எரிக் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

உள்ளே கூட்டிப்போய்க் கோப்பி ஊற்றினார். இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். என் அரைகுறை டெனிஷில் பானா முத்தாலேயின் கதையைச் சொன்னேன். இங்கர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நீங்கள் சாம்பியாவில் இருந்து எழுதிய கடிதங்களை எங்கள் பெண்கள் குழுவில் வாசிப்போம். டெனிஷில் மொழிபெயர்த்து வரும். கேட்கும் பழக்கத்தைப் பற்றி ஒன்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ராணிக்குக் கேட்பது பிடிக்காது, கேட்க வேண்டிய நிலைமை வர முதலே நாங்களாகக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அதுதான் அந்தக் கோட்."

நான் சாம்பியாவில் எழுதிய ஒரு வரி, கடல் தாண்டி வந்து, கோட்டாக மாறி என் முதுகிலேயே ஏறியிருக்கிறது. இதில் யாரைக் கோபிப்பது?

வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"ராணி, ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரலாமா?"

நான் கதிரையில் இருந்துவிட்டேன். மூன்று வாரத்துக்கு முன்பே நாட்காட்டியைப் பார்த்து நாள் குறிக்கிற நாடு இது. இங்கே ஒருவர் தானாகக் கேட்டு விருந்துக்கு வருவதா? உருளைக்கிழங்கு அவிப்பதா, இறைச்சி உருண்டை பொரிப்பதா என்று மனம் ஓடியது. "என்ன சமைக்கட்டும்?" என்று கேட்டேன்.

"நீங்கள் சாப்பிடுகிறதை," என்றார்.

வந்தார். புட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டார். உறைப்பில் மூக்காலும் கண்ணாலும் வழிந்தது. வாய் திறந்து இன்னும் கொஞ்சம் கேட்டார். இவர் என் காதுக்குள், "இஞ்சை பாரும், மனிசி திரும்பக் கேக்குது, பானையிலை கிடக்கோ?" என்றார். கிடந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

இங்கர் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டு யோசித்தேன். பானா முத்தாலே என்னிடம் கேட்டார். சரி. நான் அவரிடம் என்ன கேட்டேன்? குழாயடி இடம், அரைக் கட்டிச் சவர்க்காரம், மூன்று நாள் பாய்... எல்லாம் அவராகத் தந்தவை. நாலு வருடத்தில் வாய் திறந்து, இது எனக்கு வேண்டும் என்று நான் ஒன்றுகூடக் கேட்கவில்லை. மிஷனரி அல்லவா!

சேலையைப் பார்சலில் அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தாள்கூட எடுத்து வைத்தேன். பிறகு கை வரவில்லை. இத்தனை நாள் கழித்து இங்கிருந்து போனால், அதுவும் இன்னொரு பொதிதானே? ஆகவே கடிதம் எழுதினேன். ஞாயிறுகளில் நீங்கள் தலையில் கட்டும் மஞ்சள் துணி எனக்கு வேண்டும் என்று.

இவருக்குச் சரியாகப் படவில்லை. "அந்த மனிசியிட்டைக் கிடக்கிறதே ரெண்டு மூண்டு துணி. அதிலை ஒண்டைக் கேக்கிறதோ? உமக்கென்ன விசரே?"

நியாயமான கேள்வி. இதை எழுதும்போதும் எனக்குக் குழப்பம் தீரவில்லை. இல்லாதவரிடம் கேட்பது அநியாயமா? கேட்காமலே இருந்தேனே, அது பெரிய அநியாயமா? தெரியவில்லை. ஆனால் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

துணி வராவிட்டால் பரவாயில்லை. "தர மாட்டேன்" என்று பானா முத்தாலே இரண்டு சொல் எழுதிப் போட்டால், அந்தக் கடிதத்தைப் பிரேம் போட்டு மாட்டுவேன்.